ஈயக்குட்டையில் அமேசான் மீன்

கிள்ளான் ஆற்றின் நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். கோலாலம்பூருக்கு வடகிழக்கே மலைக்காட்டில் பிறந்து, கிள்ளான் கேட்ஸ் அணையில் தேங்கி, பிரிக்பீல்ட்ஸ் ஓரமாகச் சிமெண்டுக் கரைகளுக்கு இடையே ஓடி, ஷா ஆலாமையும் கிள்ளானையும் கடந்து, பண்டமாரானை அடுத்த போர்ட் கிள்ளானில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. இந்த ஆற்றிலும், பழைய ஈயச் சுரங்கப் பள்ளங்களில் நீர் தேங்கிப் பள்ளத்தாக்கெங்கும் சிதறிக் கிடக்கும் ஈயக்குட்டைகளிலும் இன்று தூண்டில் போடுகிறவர் கையில் ஏறும் மீன்களில் பல இந்த மண்ணைச் சேர்ந்தவை அல்ல. ஆப்பிரிக்கத் திலாப்பியா, ஆப்பிரிக்கக் கெளுத்தி, தென்னமெரிக்கப் பண்டாராயா மீன் (உறிஞ்சுவாய்க் கெளுத்தி வகை) ஆகியவற்றோடு, 'காக்கி பஞ்சிங்' என்று தங்களை அழைத்துக்கொள்ளும் தூண்டில் ஆர்வலர்கள் தேடித் தேடிப் போகும் பீக்காக் பாஸும் அந்தப் பட்டியலில் உண்டு.

வெளியிலிருந்து வந்த மீன் உள்ளூர் நீரைக் கெடுக்கிறதா? கெடுக்கிறது என்றால், அதைப் பிடித்து மகிழும் பொழுதுபோக்கு அந்தக் கேட்டுக்குத் துணைபோகிறதா, அதற்கு அணைபோடுமா? இந்தக் கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டாக விடை சொல்லி வருகிறார்கள். காலத்துக்கும் நாட்டுக்கும் ஏற்ப அந்த விடைகள் மாறியிருக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து பார்க்கையில் அவற்றில் எவை செல்லுபடியாகின்றன, எவை ஆகவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

## கொண்டுவந்தவர்களின் நியாயம்

மீனை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கொண்டுபோய் விடுவது நீண்ட காலம் நற்பணியாகவே கருதப்பட்டது. இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை எழுதிய பிரான்சிஸ் டே, 1860களிலேயே நீலகிரியில் டிரவுட் மீனைக் குடியேற்ற முயன்று தோற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தபின் அந்த மீன் அங்கே நிலைத்தது. இலங்கையின் நுவரெலியாவில் 1880களிலேயே டிரவுட் வந்துவிட்டது. இந்த மீன்கள் தேயிலைத் துரைமாரின் ஓய்வுநேர விளையாட்டுக்காக வந்தவை. மலை ஓடைகளில் முன்பு என்ன மீன் இருந்தது, டிரவுட் வந்தபின் அது என்ன ஆனது என்று அன்று யாரும் முறையாகக் கணக்கெடுக்கவில்லை. பின்னாளில் எழுந்த விவாதங்களை எல்லாம் மங்கலாக்கிய குறை இதுதான்.

அடுத்து வந்தது உணவு வாதம். மலாயாவுக்கு மொசாம்பிக் திலாப்பியா ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து வந்தது. 'ஈக்கான் ஜெப்பூன்' என்று பழையவர்கள் சொல்வது அதைத்தான். தமிழ்நாட்டில் ஜிலேபி மீன் என்று விற்கப்படும் அதே இனம் 1952-இல் இந்தியாவுக்குள் நுழைந்தது. மலேசியாவில் பிறகு லம்பாம் ஜாவா என்ற கெண்டை வகையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வளர்ப்புக்காக வந்து சேர்ந்தன.

உணவு வாதத்துக்கு ஆகச் சிறந்த சான்று இலங்கை. பராக்கிரம சமுத்திரம் போன்ற பழைய குளங்களில் திலாப்பியா வந்த பிறகே பெரிய அளவில் உள்நாட்டு மீன்பிடித் தொழில் உருவானது. ஏழைக் குடும்பங்களின் தட்டில் புரதம் சேர்ந்தது. இதை மறுக்க முடியாது. ஆனால் அந்த வெற்றிக்குச் சில தனி நிபந்தனைகள் இருந்தன. திலாப்பியா பெரும்பாலும் பாசியும் மக்கலும் தின்னும் மீன். இலங்கையின் ஆற்று மீன்களோ தேங்கிய குளநீருக்குப் பெரிதாகப் பழகாதவை. அடுத்த மீனைத் தின்று வாழும் ஒன்றுக்கு இந்தச் சான்றை நீட்ட முடியாது.

பீக்காக் பாஸ் அப்படிப்பட்ட மீன். அமேசான், ஒரினோக்கோ ஆற்றுப் படுகைகள் அதன் தாயகம். மலேசியாவுக்குள் அது பெரும்பாலும் 1990களில், அலங்கார மீன் வணிகத்தின் வழியாகவும் ஆர்வலர்கள் கையாலும் பரவியதாகக் கருதப்படுகிறது. பேராக், சிலாங்கூர் ஈயக்குட்டைகளிலும் தெமெங்கோர் நீர்த்தேக்கம் போன்ற பெரிய நீர்ப்பரப்புகளிலும் இன்று அது தானே பெருகுகிறது. யாரோ சிலர், தங்கள் வீட்டுக்கு அருகே நல்ல விளையாட்டு மீன் வேண்டும் என்று வாளியில் எடுத்துப்போய் விட்ட மீன் இது.

அலங்கார மீன் வழி இன்றும் திறந்தே இருக்கிறது. மலேசிய வளர்ப்பாளர்கள் உருவாக்கிய ஃபிளவர்ஹார்ன் கலப்பின மீனுக்கு 2000களின் தொடக்கத்தில் பித்துப் பிடித்ததுபோல் விலை ஏறியது. மோகம் தணிந்ததும் வேண்டாத மீன்கள் ஏரிகளிலும் குட்டைகளிலும் கொட்டப்பட்டன. புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் கிள்ளான் பள்ளத்தாக்கின் செல்லப்பிராணிக் கடைகளில் விற்கப்படும் நன்னீர் மீன்களைக் கணக்கெடுத்து, 2020-இல் வெளியிட்டார்கள். அவர்கள் பதிவுசெய்த ஏறத்தாழ 250 இனங்களில் பெரும்பகுதி அயல்நாட்டவை. பரவும் ஆபத்து அதிகம் என்று மதிப்பிடப்பட்ட இனங்களும் அவற்றில் பல. ஆற்றுக்குள் போகக் காத்திருக்கும் மீன்கள் பேரங்காடியின் கண்ணாடித் தொட்டியில்தான் இருக்கின்றன.

## கட்டுன் ஏரியில் நடந்தது

பீக்காக் பாஸ் மீதான குற்றச்சாட்டின் அடிப்படை ஆவணம் பனாமாவிலிருந்து வந்தது. தனியார் குளம் ஒன்றிலிருந்து தப்பிய இந்த மீன், 1960களின் பிற்பகுதியில் சாக்ரெஸ் ஆற்றின் வழியே கட்டுன் ஏரிக்குள் நுழைந்தது. தாமஸ் சாரெட், ராபர்ட் பெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1973-இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை, மீன் எட்டிய பகுதியையும் இன்னும் எட்டாத பகுதியையும் ஒப்பிட்டது. பரவலாகக் காணப்பட்ட எட்டு உள்ளூர் இனங்களில் ஆறு, அது எட்டிய இடங்களில் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தன. சிறு மீனை நம்பி வாழ்ந்த நீர்ப்பறவைகள் குறைந்தன. கொசுப்புழு தின்னும் மீன்கள் போனதால் மலேரியாவும் கூடக்கூடும் என்று அவர்கள் ஊகித்தார்கள். கடைசிப் பகுதி ஊகம்தான். மீன்கள் மறைந்ததோ வலையில் தெரிந்த உண்மை.

அந்தக் கட்டுரைக்கு அன்றே ஒரு மறுப்பு இருந்தது: புதிதாக வந்த வேட்டைமீன் முதலில் வெறித்தனமாகத் தின்னும், பிறகு சமநிலை வரும், பொறுத்திருங்கள். வேறொரு குழு அதே ஏரியில் மறுபடியும் வலை போட்டு, 2017-இல் முடிவை வெளியிட்டது. 45 ஆண்டுகள் கழித்தும் உள்ளூர் மீன் கூட்டம் மீளவில்லை.

பிரேசிலில் நடந்தது இன்னும் வேகமானது. பீக்காக் பாஸ் அந்த நாட்டு மீன்தான், ஆனால் பரானா ஆற்றுப் படுகைக்கு அது அயல். ரோசானா நீர்த்தேக்கத்தில் அது நுழைந்த இரண்டே ஆண்டுகளில், கரையோர நீர்ச்செடிகளுக்குள் வாழ்ந்த சிறு மீன்களின் அடர்த்தி ஏறத்தாழ 95 விழுக்காடும் இன எண்ணிக்கை 80 விழுக்காடும் சரிந்ததாக 2009-இல் பெலிசிசியும் அகோஸ்தின்யோவும் பதிவுசெய்தார்கள்.

இந்த அழிவின் இயக்கமுறை எளிது. பீக்காக் பாஸ் பகலில், கண்ணால் பார்த்து வேட்டையாடும். தெளிந்த, ஓடாத நீர் அதற்கு வாகு. தாய் தந்தை இரண்டும் சேர்ந்து முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும். ஆகவே குஞ்சு பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பழைய ஈயக்குட்டையின் நீர் ஆழமானது, சத்துக் குறைந்தது, பச்சையும் நீலமும் கலந்து அடிவரை தெளிந்தது. இந்த மீனுக்காகவே வெட்டியதுபோல அமைந்துவிட்டது. சேறு கலங்கி ஓடும் கிள்ளான் ஆற்றின் நடுப்பகுதியில் அதே மீன் அவ்வளவாகத் தலையெடுக்காததற்கும், அங்கே காற்றை விழுங்கி மூச்சுவிடத் தெரிந்த பண்டாராயா மீன் கொழிப்பதற்கும் இதுவே காரணமாகலாம்.

## குட்டையில் இழக்க என்ன இருக்கிறது?

தூண்டில் ஆர்வலர்கள் பக்கமிருந்து வரும் வலுவான எதிர்வாதம் ஃபுளோரிடாவை மேற்கோள் காட்டுகிறது. அங்கே 1984-இல் மாநில அரசே தென்கிழக்குக் கால்வாய்களில் பீக்காக் பாஸை விட்டது. ஏற்கெனவே பெருகிவிட்ட புள்ளித் திலாப்பியாவை அது தின்னும், ஆர்வலர்களுக்கும் விளையாட்டாகும் என்பது திட்டம். உள்ளூர் மீன்களுக்குக் குறிப்பிடத்தக்க கேடு தெரியவில்லை என்று அந்தத் திட்டத்தை நடத்திய உயிரியலாளர்கள் பின்னர் எழுதினார்கள். மீன்பிடிச் சுற்றுலாவால் வருமானமும் வந்தது.

இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் அதில் ஒரு காவலன் ஒளிந்திருக்கிறான்: குளிர். நீரின் வெப்பம் 15 பாகை செல்சியஸ் அளவுக்குக் கீழிறங்கினால் இந்த மீன் தாங்காது. ஃபுளோரிடாவின் வடபகுதிக்கு அது பரவாமல் குளிர்காலம் பார்த்துக்கொள்கிறது. சிலாங்கூரில் அந்தக் காவல் இல்லை. அத்துடன், ஒரு திட்டத்தை நடத்தியவர்களே அதன் விளைவையும் மதிப்பிட்டிருக்கும்போது சற்று எச்சரிக்கையோடு படிப்பது நல்லது.

நம் ஊருக்கென்றே உரிய வாதம் வேறு. 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்தபின் லம்பங்கள் எனப்படும் ஈயச் சுரங்கங்கள் மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களில் நீர் நின்றது. பூச்சோங், கிளானா ஜெயா, டெங்கில், பெஸ்தாரி ஜெயா என்று எங்கும் குட்டைகள். தித்திவங்சா ஏரியும் பாயா இண்டா ஈரநிலமும்கூடப் பழைய லம்பப் பள்ளங்களில் பிறந்தவையே. மனிதன் தோண்டிய பள்ளத்துக்கு ஏது பூர்வகுடி மீன், அங்கே பீக்காக் பாஸ் இருந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கிறார்கள்.

முதல் பார்வையில் நியாயமாகத் தோன்றும். ஆனால் கட்டுன் ஏரியும் மனிதன் உண்டாக்கியதே, பனாமா கால்வாய்க்காக அணைகட்டித் தேக்கிய நீர் அது. ரோசானாவும் நீர்மின் தேக்கம். செயற்கை நீர்நிலையிலும் சுற்றுப்புற ஆறுகளின் மீன்கள் குடியேறி வாழும். நம் குட்டைகளில் விரால், அதன் பெரிய உறவுமீனான தோமான், கெளுத்தி வகைகள், சிறு கெண்டைகள் எல்லாம் ஆற்றுத் தொடர்பால் வந்தவை. அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்குப் புண் ஆற விரால் சூப் வைத்துக் கொடுக்கும் பழக்கம் இந்நாட்டில் எல்லா இனத்தாரிடமும் உண்டு. சந்தையில் அந்த மீனுக்குத் தனி மதிப்பு இருப்பது அதனால்தான். குட்டையில் இழக்க ஒன்றும் இல்லை என்பது சரியான கணக்கு அல்ல.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. குட்டை குட்டையாகவே நிற்பதில்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது சாலைக்கும் ஆற்றுக்கும் இடையே எல்லையே இருக்கவில்லை. அப்படி ஒரு வெள்ளத்தில் தாழ்வான குட்டைகளும் கட்டணம் வாங்கித் தூண்டில் போடவிடும் குளங்களும் வடிகாலோடு ஒன்றாகின்றன. அந்தக் கட்டணக் குளங்களில் அராபைமாவும் அமேசான் செவ்வால் கெளுத்தியும்கூட வளர்கின்றன. வெள்ளத்தை விடவும் வேகமான வாகனம் மனிதனுடையது. பீக்காக் பாஸ் ஒரு குட்டையிலிருந்து மலை தாண்டி அடுத்த மாநில நீர்த்தேக்கத்துக்குத் தானாக நீந்திப் போயிருக்க முடியாது.

அறிஞர் உலகிலும் இதற்கு இணையான பிளவு உண்டு. 1958-இல் சார்ல்ஸ் எல்டன் எழுதிய நூலிலிருந்து அயல் உயிரிகளைப் படையெடுப்பாகப் பார்க்கும் மரபு வளர்ந்தது. 2011-இல் மார்க் டேவிசும் 18 சூழலியலாளர்களும் நேச்சர் இதழில், ஓர் உயிரியை அதன் பிறப்பிடத்தால் எடைபோடாமல் அது செய்யும் காரியத்தால் எடைபோடுங்கள் என்று எழுதினார்கள். டேனியல் சிம்பர்லாஃபும் நூற்றுக்கு மேற்பட்ட அறிஞர்களும் உடனே மறுத்தார்கள்: தீங்கு வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆகும், தெரிந்தபின் நீக்க வழியிராது. திலாப்பியாவுக்கு டேவிசின் அளவுகோல் ஓரளவு பொருந்தலாம். பீக்காக் பாஸைப் பொறுத்தவரை இரு தரப்பு அளவுகோலும் ஒரே முடிவையே தருவதாகத் தோன்றுகிறது, ஏனெனில் அது செய்யும் காரியம் கட்டுனில் பதிவாகிவிட்டது.

## விடுவதா, கரையேற்றுவதா?

பிடித்த மீனைக் காயமின்றித் திரும்ப விடுவது தூண்டில் ஆர்வலர்களிடையே உயர்ந்த பண்பாகப் போற்றப்படுகிறது. கெலா, செபாராவ் போன்ற உள்நாட்டு மீன்களைக் காப்பாற்றியதில் அந்தப் பண்புக்குப் பங்குண்டு. அதே பண்பு அயல் வேட்டைமீனுக்கும் நீளும்போது சிக்கல் தொடங்குகிறது.

இதில் மிக நீண்ட அனுபவம் ஜப்பானுக்கு. பெருவாய்ப் பாஸ் 1925-இல் அமெரிக்காவிலிருந்து அஷி ஏரிக்கு வந்தது. 1970களில் செயற்கை இரையால் மீன்பிடிக்கும் மோகம் பரவ, மீனும் நாடெங்கும் பரவியது. 2005-இல் அயல் உயிரிச் சட்டத்தின்கீழ் அதை வளர்ப்பதும் உயிரோடு கொண்டுசெல்வதும் தடையாயின. தூண்டில் பொருள் வணிகர்களும் ஆர்வலர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். அஷி உள்ளிட்ட நான்கு ஏரிகளில் மட்டும் பாஸ் மீன்வளத்தை நடத்த உரிமம் தொடர்கிறது. பீவா ஏரி அமைந்த ஷிகா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2003 முதல் அங்கே பிடித்த பாஸைத் திரும்ப ஏரியில் விடுவதே கூடாது. விரும்பாத மீனைப் போட ஏரிக்கரையில் பெட்டிகள் வைத்தார்கள். இத்தனைக்குப் பிறகும் பீவாவில் பாஸ் இருக்கிறது. சட்டம் மீனை ஒழிக்கவில்லை. மீனை உயிரோடு இடம்மாற்றுவதைக் குற்றமாக்கியது, அவ்வளவே. அந்த 'அவ்வளவே' சிறிய சாதனை அல்ல.

சிலாங்கூரில் பண்டாராயா மீனுக்கு எதிராக வேறு வழி தொடங்கியிருக்கிறது. தன்னார்வலர்கள் குழுவாகச் சேர்ந்து வார இறுதிகளில் வீச்சுவலையோடு லங்காட், கிள்ளான் ஆறுகளில் இறங்குகிறார்கள். இந்த மீனின் உடல் முழுதும் எலும்புத் தகடு. கரையில் வளை தோண்டி அதற்குள் முட்டையிடும், வளைகள் பெருகினால் கரை இடியும். 2024-இல் மாநில அரசு லங்காட் ஆற்றில் பிடித்த மீனுக்குக் கிலோவுக்கு 1 ரிங்கிட் கொடுத்தது. மாசடைந்த ஆற்றின் மீன் உணவுக்கு ஆகாது என்பதால் உரமாக்கும் முயற்சிகளும் நடக்கின்றன.

வெயிலில் சேற்றில் நின்று வலை வீசும் அந்த இளைஞர்களின் உழைப்பு மதிக்கத்தக்கது. அதன் எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். ஓர் ஆற்றில் பெரிய மீன்களை எடுத்துவிட்டால் மிஞ்சியவற்றுக்கு இடமும் இரையும் கூடும், அவை வேகமாக வளரும். பீக்காக் பாஸில் இது இன்னும் சிக்கலானது. பெரிய மீன் தன் இனக் குஞ்சையும் தின்னும். தூண்டிலில் பெரியதை மட்டும் எடுத்தால் சிறியவை அதிகம் பிழைக்க இடமுண்டு. ஆகவே தூண்டில் மட்டும் ஒரு குட்டையை முற்றிலும் சுத்தமாக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எண்ணிக்கையை ஓரளவு கட்டுக்குள் வைக்கலாம். விலை கொடுப்பதிலும் ஓர் அபாயம் உண்டு: மீன் காசாகிவிட்டால், அது தீர்ந்துபோவதை எல்லாரும் விரும்பமாட்டார்கள்.

## சட்டம்

1985ஆம் ஆண்டின் மீன்பிடிச் சட்டப்படி உயிர்மீனை நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி வேண்டும். பிரானா போன்றவற்றின் இறக்குமதிக்கு 1990 முதல் தடை இருக்கிறது. ஆற்று மீன்பிடியோ கூட்டரசு அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் வருகிறது. எல்லையில் ஓர் அதிகாரம், ஆற்றங்கரையில் வேறோர் அதிகாரம். அயல் உயிரிகளுக்கான தேசியச் செயல்திட்டம் ஒன்று 2021 முதல் 2025 வரைக்கும் வகுக்கப்பட்டது. 2022-இல் உலக நாடுகள் ஏற்ற பல்லுயிர் உடன்பாடு, புதிய அயல் உயிரிகள் வந்து நிலைக்கும் வேகத்தை 2030-க்குள் பாதியாகக் குறைக்கச் சொல்கிறது. இரவில் ஒருவர் வாளியோடு ஏரிக்கரைக்கு வருவதை இவற்றில் எதனாலும் நேரில் பார்க்க முடியாது. பார்க்கக்கூடியவர், அதே கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் இன்னொருவர்.

தூண்டில்காரர்களைக் குற்றவாளியாகவோ காவலராகவோ மட்டும் பார்க்கும் இரு தரப்பு எழுத்தும் இந்த இடத்தில் தடுமாறுகிறது. இருவரும் ஒரே கூட்டத்தில் இருக்கிறார்கள். பொழுதுபோக்கைத் தடைசெய்தால் வாளிக்காரர் நிற்கமாட்டார், பார்த்துச் சொல்பவர்தான் வீட்டுக்குப் போய்விடுவார். பண்டமாரான் பக்கத்துக் கழிமுகத்தில் கொடுவா போன்ற உள்நாட்டு வேட்டைமீன்களே தூண்டிலை வளைக்கும் வலுவுடையவை. அயல்மீன் இல்லாவிட்டால் விளையாட்டே இல்லை என்பது உண்மையன்று.

## இன்னும் தெளியாதவை

முதலாவது, தொடக்கநிலைக் கணக்கு. கட்டுனில் முன்பு என்ன இருந்தது என்று தெரிந்ததால்தான் இழப்பை அளக்க முடிந்தது. இங்கே கோம்பாக் ஆறு ஒரு விதிவிலக்கு. ஜே. இ. பிஷப் அதன் நன்னீரியலைப் பற்றி 1973-இல் முழு நூலே எழுதியிருக்கிறார். ஈயக்குட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய பழைய பதிவு இல்லை. ஆகவே அங்கே இன்று குறைந்திருக்கும் மீன் பீக்காக் பாஸால் குறைந்ததா, மாசினால் குறைந்ததா, கரையை மண்ணிட்டு நிரப்பியதால் குறைந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இரண்டாவது, தோமான். அதுவும் குஞ்சைக் காக்கும் பெரிய வேட்டைமீன். கட்டுனில் இத்தகைய எதிராளி இருந்ததாகத் தெரியவில்லை. தோமான் வலுவாக இருக்கும் நீரில் பீக்காக் பாஸ் அடங்குமா என்பது சோதித்துப் பார்க்கத்தக்க கேள்வி. அதற்கு முன், குஞ்சுக் கூட்டத்தின்மேல் தூண்டில் வீசித் தாய்த் தோமானைப் பிடிக்கும் வழக்கம் அந்த எதிராளியைப் பலவீனப்படுத்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் மிக அவசரமானது. வட சிலாங்கூரின் கரிச்சதுப்புக் காட்டில், தேநீர் நிறத்துப் புளித்த நீரில், பெட்டா லிவிடா என்ற சில சென்டிமீட்டர் நீளச் சண்டை மீன் வாழ்கிறது. சிலாங்கூரைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. அந்தக் காட்டை ஒட்டியே பெஸ்தாரி ஜெயாவின் ஈயக்குட்டைகள் இருக்கின்றன. அமில நீர் அயல்மீனைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஆனால் பீக்காக் பாஸ் இனங்களில் மிகப் பெரியது தென்னமெரிக்காவின் ரியோ நெக்ரோ ஆற்றில், இதே போன்ற கருத்த அமில நீரில்தான் வாழ்கிறது. இங்கே பரவியிருக்கும் இனத்துக்கும் அந்தத் தாங்குதிறன் உண்டா, காட்டுக்குள் முன்பு வெட்டிய கால்வாய்கள் அதற்கு வழியாகுமா என்ற கேள்விகளுக்கு ஆய்வுக்கூடத்துத் தொட்டி மட்டும் விடை தராது. அந்தக் கால்வாய்களில் ஆண்டுதோறும் வலை போட்டுப் பார்க்க வேண்டும். ஆய்வாளர்கள் ஆண்டுக்குச் சில நாள் மட்டுமே போகக்கூடிய இடங்களுக்கு ஒவ்வொரு வார இறுதியிலும் தூண்டிலோடு போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிடிக்கும் மீனை இடம், நாள், நீளத்தோடு பதிந்துகொள்ளும் முறையான ஏற்பாட்டை மீன்வளத் துறையும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அங்கிருந்தே தொடங்கலாம்.